வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்

• ஒரு பொருளை வாங்கும் விலைக்கும் அதனை வைத்துப் பேணும் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல்.
• வட்டி, தவணை, தேய்மானம், காப்பீடு முதலிய சொற்களைப் பொருளறிந்து ஆளுதல்.
• கணக்கிட்டுக் கண்ட முடிவைத் தெளிவான தமிழில் எடுத்துரைத்தல்.

நுழையுமுன்

பேச்சில் ‘கார்’ என்கிறோம். எழுத்தில் ‘மகிழுந்து’ என்கிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மகிழுந்து வைத்திருப்பவரிடம், “இது ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு செலவாகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் பெட்ரோலின் செலவை மட்டுமே கூறுவர். அவ்விடை முழுமையானதா என்பதை இப்பாடத்தில் காண்போம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், விழுக்காடு ஆகியவற்றை அறிந்திருந்தால் போதும்.

1. மழை இரவில் எழுந்த வினா

அகத்தியமலைப் பகுதியில் தோன்றும் நெய்யாற்றின் குறுக்கே 1958ஆம் ஆண்டு அணை கட்டப்பட்டது. அவ்வணையை அடுத்துள்ள ஊர் கள்ளிக்காடு. மலைச்சரிவும் இரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த இவ்வூரில், தென்காசியிலிருந்து பணி மாற்றம் பெற்று வந்த ஒரு தமிழ்க் குடும்பம் வாடகை வீட்டில் வாழ்கிறது. தந்தை நெய்யாற்றின்கரையில் உள்ள மைய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறார். நாள்தோறும் பேருந்தில் சென்று வருகிறார். தாய், எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், தந்தையின் தாயாகிய ஆச்சி ஆகியோர் உடன் வாழ்கின்றனர்.

ஆனித் திங்களின் மழை இரவு ஒன்றில் ஆச்சிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. தந்தை தமக்குத் தெரிந்த வாடகை வண்டி ஓட்டுநர்கள் மூவரைத் தொலைபேசியில் அழைத்தார். இருவர் எடுக்கவில்லை. மூன்றாமவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். உரிய நேரத்தில் மருத்துவம் கிடைத்ததால் ஆச்சி நலமடைந்தார். ஆயினும், அந்த முக்கால் மணி நேரத்தை வீட்டில் எவராலும் மறக்க இயலவில்லை.

“நமக்கென்று ஒரு வண்டி வேண்டும்” என்றார் தாய்.

தந்தை அதற்கு முன்பே விசாரித்து வைத்திருந்தார். “மாதத் தவணை எட்டாயிரத்து முந்நூற்று மூன்று ரூபாய். பெட்ரோல் ஒரு லிட்டர் 107 ரூபாய். லிட்டருக்குப் 16 கிலோமீட்டர் ஓடும். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் அறுபத்தொன்பது காசு. சமாளித்துவிடலாம்” என்றார்.

“அவ்வளவுதானா, அப்பா?” என்று கேட்டாள் மகள். அவள் ஐயத்துடன் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டாள். ஆனால், அவ்வினாவுக்கு விடை காண அன்று மாலை முழுவதும் தேவைப்பட்டது. அவளுடைய கணக்கு ஏட்டின் கடைசிப் பக்கங்களில் அவர்கள் எழுதிய கணக்கே இப்பாடம்.

(குறிப்பு: இப்பாடத்தில் வரும் விலைகளும் தொலைவுகளும் பயிற்சிக்காகக் கொள்ளப்பட்டவை. நீங்கள் கணக்கிடும்போது உங்கள் ஊரின் அன்றைய விலையை இட்டுக் கணக்கிடுக.)

2. இரு வகைச் செலவுகள்

மகிழுந்தின் செலவுகளை இரண்டாகப் பிரிக்கலாம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏற்படுவது நிலைச்செலவு. ஓடும் தொலைவுக்கு ஏற்பக் கூடுவது ஓட்டச்செலவு. பெட்ரோல், சக்கரத்தின் தேய்வு, பழுது நீக்கல் ஆகியன ஓட்டச்செலவில் அடங்கும். நாம் கையிலிருந்து அவ்வப்போது எடுத்துக் கொடுப்பதால் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. நிலைச்செலவோ ஓசையின்றி நிகழ்வது. அதனை முதலில் காண்போம்.

அ) தேய்மானமும் வரியும்

தந்தை கருதிய மகிழுந்தின் கடைவிலை ரூ.5,00,000. வரிக்கும் பதிவுக்கும் ரூ.70,000. முதலாண்டுக் காப்பீட்டுக்கு ரூ.30,000. ஆக, வண்டி வீட்டுக்கு வந்து சேர ரூ.6,00,000 ஆகும்.

வாங்கிய நாள் தொட்டு வண்டியின் மதிப்பு குறைந்துகொண்டே செல்லும். இதுவே தேய்மானம். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணிக்க ஓர் அட்டவணையைப் பின்பற்றுகின்றன. அதன்படி ஆறு மாதத்திற்குள் 5 விழுக்காடு, ஓராண்டிற்குள் 15, ஈராண்டிற்குள் 20, மூவாண்டிற்குள் 30, நான்காண்டிற்குள் 40, ஐந்தாண்டிற்குள் 50 விழுக்காடு எனக் கடைவிலையிலிருந்து கழிக்கப்படுகிறது. சந்தையில் விற்கும் விலை இதனினும் சற்றுக் கூடலாம், குறையலாம்.

இவ்வட்டவணையின்படி ஐந்தாம் ஆண்டின் முடிவில் வண்டியின் மதிப்பு ரூ.2,50,000 மட்டுமே. எஞ்சிய ரூ.2,50,000 தேய்ந்து மறைந்தது. வரியாகவும் பதிவுக் கட்டணமாகவும் கொடுத்த ரூ.70,000 வண்டியை விற்கும்போது தனியே திரும்பி வாராது.

2,50,000 + 70,000 = 3,20,000
3,20,000 ÷ 5 = ஆண்டுக்கு ரூ.64,000

“இப்பணத்தை நாம் யாருக்கும் கொடுக்கவே இல்லையே! எப்படிச் செலவாகும்?” என்று வியந்தாள் மகள்.

“நெல் மூட்டையில் ஓட்டை இருந்தால், நாம் எடுத்து உண்ணாமலே நெல் குறையும் அல்லவா? அதுபோலத்தான்” என்றார் ஆச்சி.

ஆ) காப்பீடு

சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்வது அது. இதற்கான கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பில், 1000 சி.சி.க்கு மேற்படாத தனியார் மகிழுந்துக்கு இக்கட்டணம் ஆண்டுக்கு ரூ.2,094 என்றும், 1000 முதல் 1500 சி.சி. வரை ரூ.3,416 என்றும் வரையறுக்கப்பட்டது. நம் வண்டிக்கே சேதம் நேர்ந்தால் ஈடு பெறுவதற்குத் தனியே செலுத்த வேண்டும்.

முதலாண்டில் ரூ.30,000, அடுத்த நான்காண்டுகளுக்கும் சேர்த்து ரூ.50,000 எனக் கொண்டால், ஐந்தாண்டுகளில் ரூ.80,000. சராசரியாக ஆண்டுக்கு ரூ.16,000.

இ) கடனுக்கு வட்டி

கையிருப்பு ரூ.2,00,000. எஞ்சிய ரூ.4,00,000 வங்கிக் கடன். வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு, காலம் ஐந்தாண்டு, மாதத் தவணை ரூ.8,303.

8,303 × 60 = 4,98,180
4,98,180 – 4,00,000 = 98,180 (மொத்த வட்டி)
98,180 ÷ 5 = ஆண்டுக்கு ரூ.19,636

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மேற்கண்ட தவணை, கடன் அடைய அடைய எஞ்சிய முதலுக்கு மட்டும் வட்டி கணக்கிடும் முறையில் வந்தது. சிலர், ஐந்தாண்டுகளுக்கும் முழு முதலுக்கே வட்டி கணக்கிடுவர். அம்முறையில் அதே 9 விழுக்காட்டுக்கு வட்டி ரூ.1,80,000 ஆகிவிடும். ஆகவே, “வட்டி எத்தனை விழுக்காடு?” என்று கேட்பதோடு நில்லாமல், “குறையும் முதலுக்கா, முழு முதலுக்கா?” என்றும் கேட்டல் வேண்டும்.

ஈ) இழந்த வட்டி

“கையிலிருந்து போடும் இரண்டு இலட்சத்துக்கு வட்டி இல்லைதானே?” என்றார் தந்தை.

“கொடுக்கும் வட்டி இல்லை, வரும் வட்டி போய்விடுமே!” என்றார் தாய். அப்பணம் வங்கியில் 6 விழுக்காடு வட்டிக்கு வைப்பில் இருந்தது. ஆண்டுக்கு ரூ.12,000 வந்துகொண்டிருந்தது. பணத்தை எடுத்துவிட்டால் அவ்வரவு நின்றுவிடும். வராமற்போன வரவும் ஒரு செலவே.

3. ஓட்டச்செலவு

கள்ளிக்காட்டிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஒருவழித் தொலைவை 20 கி.மீ. எனக் கொள்வோம். தந்தையின் அலுவலகப் பயணம் மாதம் 22 நாள், 880 கி.மீ. ஆச்சியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது மாதம் இருமுறை, 80 கி.மீ. கடைக்கும் கோவிலுக்கும் 40 கி.மீ. ஆக, மாதம் 1,000 கி.மீ.; ஆண்டுக்கு 12,000 கி.மீ.

பெட்ரோல்: 12,000 ÷ 16 = 750 லிட்டர்; 750 × 107 = ரூ.80,250.

பராமரிப்பு: பழுது நீக்கலுக்கும் எண்ணெய் மாற்றலுக்கும் ரூ.10,000. நான்கு டயர்களின் விலை ரூ.20,000, அவை 40,000 கி.மீ. உழைக்கும் எனில், 12,000 கி.மீ.க்கு ரூ.6,000. புகைச் சான்று, நிறுத்தக் கட்டணம், கழுவுதல் ஆகியவற்றுக்கு ரூ.4,000. மொத்தம் ரூ.20,000.

4. கூட்டிக் காணல்

புதிய மகிழுந்து – ஓராண்டுச் செலவு

தேய்மானமும் வரியும் – ரூ.64,000
காப்பீடு – ரூ.16,000
கடன் வட்டி – ரூ.19,636
இழந்த வட்டி – ரூ.12,000
(நிலைச்செலவு – ரூ.1,11,636)
பெட்ரோல் – ரூ.80,250
பராமரிப்பு – ரூ.20,000
(ஓட்டச்செலவு – ரூ.1,00,250)
மொத்தம் – ரூ.2,11,886

மாதத்திற்கு: 2,11,886 ÷ 12 = ஏறத்தாழ ரூ.17,657
கிலோமீட்டருக்கு: 2,11,886 ÷ 12,000 = ஏறத்தாழ ரூ.17.66

தந்தை சொன்ன கிலோமீட்டர்ச் செலவு ரூ.6.69. ஏடு சொன்னது ரூ.17.66. இரண்டரை மடங்குக்கும் மேல்! தந்தை தவறாக வகுக்கவில்லை. வகுக்க வேண்டிய தொகையை முழுமையாகக் கூட்டவில்லை.

மற்றோர் உண்மையும் புலப்பட்டது. வண்டியைச் சிக்கனமாக, ஆண்டுக்கு 3,000 கி.மீ. மட்டும் ஓட்டினால் என்ன ஆகும்? நிலைச்செலவு ரூ.1,11,636 அப்படியே நிற்கும். அதனை 3,000ஆல் வகுத்தால் ரூ.37.21. ஓட்டச்செலவு கிலோமீட்டருக்கு ரூ.8.35. ஆக ரூ.45.56! வாசலில் நிற்கும் வண்டியே மிகுந்த செலவுடைய வண்டி.

அறிந்துகொள்வோம்

2008 ஜனவரியில் தில்லியில் டாடா நானோ காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ‘ஒரு இலட்ச ரூபாய்க் கார்’ என உலகெங்கும் பேசப்பட்டது. விலை குறைந்தால் தேய்மானமும் வட்டியும் குறையும். ஆனால், பெட்ரோல் நிலையத்தில் மலிவான மகிழுந்துக்கு மலிவான பெட்ரோல் கிடையாது!

5. ஒப்பிட்டுக் காணல்

ஒரு தொகையை மட்டும் பார்த்துப் பெரிது சிறிது என்று கூற இயலாது. வேறு வழிகளோடு ஒப்பிட வேண்டும். மகள் நான்கு வழிகளை எழுதினாள்.

வழி 1: இப்போதுள்ள முறை. தந்தைக்குப் பேருந்துக் கட்டணம் போகவர ரூ.60, 22 நாளுக்கு ரூ.1,320. ஆச்சிக்கு வாடகை மகிழுந்து ஒரு முறைக்கு ரூ.1,200, இருமுறைக்கு ரூ.2,400. பிற பயணங்கள் ரூ.480. மாதம் ரூ.4,200, ஆண்டுக்கு ரூ.50,400.

வழி 2: தந்தைக்கு ஒரு ஸ்கூட்டர். விலை ரூ.1,00,000, ஐந்தாண்டு கழித்து ரூ.45,000க்கு விற்கலாம். தேய்மானம் ரூ.11,000, இழந்த வட்டி ரூ.6,000, காப்பீடு ரூ.1,800, பெட்ரோல் ரூ.23,540, பராமரிப்பு ரூ.6,000. ஆச்சிக்கு வாடகை மகிழுந்து ரூ.28,800, பிற பயணங்கள் ரூ.5,760. ஆண்டுக்கு ரூ.82,900.

வழி 3: பழைய மகிழுந்து. தந்தை பேருந்திலேயே செல்வார். ஆச்சிக்கும் பிற பயணங்களுக்கும் மட்டும் வண்டி. விலை ரூ.2,50,000; ஐந்தாண்டு கழித்து ரூ.1,00,000க்கு விற்கலாம். தேய்மானம் ரூ.30,000, இழந்த வட்டி ரூ.15,000, காப்பீடு ரூ.8,000, பெட்ரோல் ரூ.10,272, பழுது நீக்கல் ரூ.20,000, தந்தையின் பேருந்துக் கட்டணம் ரூ.15,840. ஆண்டுக்கு ரூ.99,112.

வழி 4: புதிய மகிழுந்து. ஆண்டுக்கு ரூ.2,11,886.

முதல் வழிக்கும் நான்காம் வழிக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு ரூ.1,61,486. ஐந்தாண்டுகளில் ரூ.8,07,430. தந்தை அவ்வெண்ணின்மீது சற்று நேரம் விரலை வைத்திருந்தார். மகள் கல்லூரிக்குச் செல்லவிருப்பது இன்னும் ஐந்தாண்டுகளில்.

“ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுக்கும்போது என் மனம் பதைக்கும்” என்றார் தாய். மகள் உடனே வகுத்தாள்: 1,61,486 ÷ 1,200 = 134. “அம்மா, புதிய மகிழுந்து வாங்காமல் மிஞ்சும் பணத்தில், ஆண்டுக்கு இன்னும் 134 முறை வாடகை வண்டியை அழைக்கலாம்!”

கையிலிருந்து எண்ணிக் கொடுக்கும் சிறு தொகை உறுத்துகிறது. தவணையாகவும் தேய்மானமாகவும் கரையும் பெருந்தொகை உறுத்துவதில்லை. கணக்கு, இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது.

6. எல்லையும் எண்பலகையும்

1938ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு, அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, அதன் முதல் தடம் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை சென்றது. அன்று இடையில் மாநில எல்லை இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை வந்தது. அவ்வெல்லை மகிழுந்தின் கணக்கிலும் நுழைகிறது.

முதலாவது, பெட்ரோல். பெட்ரோல் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் வரவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வரி விதிக்கிறது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புக்காக லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதலாகப் பெறுகிறது. எனவே, எல்லைக்கு அப்பால் பெட்ரோல் மலிவு. வேறுபாட்டை 5 ரூபாய் எனக் கொள்வோம்.

“அங்கே சென்று நிரப்பிக்கொண்டால் என்ன?” என்றார் தந்தை. 30 லிட்டர் நிரப்பினால் மிச்சம் ரூ.150. எல்லைக்கு 20 கி.மீ. சென்று திரும்பினால் 40 கி.மீ.; அதற்கு 2.5 லிட்டர் பெட்ரோல், ரூ.102 வீதம் ரூ.255. நூற்றைம்பதை மிச்சம் பிடிக்க இருநூற்று ஐம்பத்தைந்தைச் செலவிடுவதா? பாறசாலையில் வாழ்பவருக்கு ஆதாயமாக இருப்பது, கள்ளிக்காட்டில் வாழ்பவருக்கு இழப்பாகிறது. கணக்கு ஒன்றே, இருக்கும் இடம் வேறு.

இரண்டாவது, எண்பலகை. பாறசாலைக்குக் கே.எல்.19, நெய்யாற்றின்கரைக்குக் கே.எல்.20, காட்டாக்கடைக்குக் கே.எல்.74 எனப் பதிவெண்கள் உள்ளன. எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்துக்கு டி.என்.75, நாகர்கோவிலுக்கு டி.என்.74. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைத்திருந்தால், அங்கு மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு முந்தைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தின் வரியும் செலுத்த வேண்டும்.

அடிக்கடி பணி மாற்றம் பெறுவோரின் இடரைக் களைய, 2021ஆம் ஆண்டு ‘பி.எச்.’ என்னும் பாரத் வரிசைப் பதிவு அறிமுகமாயிற்று. பாதுகாப்புப் படையினர், மைய, மாநில அரசு ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உடைய தனியார் நிறுவனங்களின் ஊழியர் ஆகியோர் இதனைப் பெறலாம். இவ்வகையில் வரியை ஈராண்டுக்கு ஒருமுறை செலுத்தலாம். மாநிலம் மாறினால் மறுபதிவு தேவையில்லை. இங்கிருந்து எங்கே மாறுவோம் என்று அறியாத குடும்பங்கள் இதனையும் கணக்கில் கொள்ளல் நன்று.

7. எண்கள் சொல்வதும் சொல்லாததும்

“கணக்கு எல்லாம் சரி. அந்த இரவில் வண்டி வர முக்கால் மணி நேரம் ஆயிற்றே! அதற்கு எந்தப் பக்கத்தில் எண் எழுதினீர்கள்?” என்று ஆச்சி கேட்டார்.

எவரும் உடனே விடை கூறவில்லை. அச்சத்திற்கு விலை எழுத இயலாது. ஆயினும், அச்சம் எதனால் வந்தது என்று ஆராய இயலும். அந்த இரவில் குறைவாக இருந்தது மகிழுந்தா, ஏற்பாடா? 108 என்னும் அவசர ஊர்தி எண் கட்டணமின்றிக் கிடைப்பது அவர்களுக்குத் தெரியும். பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. ஊருக்குப் புதியவர்கள் ஆதலால், அடுத்த தெருவில் வண்டி வைத்திருப்பவரையும் அவர்கள் அறிந்திருக்கவில்லை.

மறுநாள் தந்தை அந்த ஓட்டுநரைக் கண்டு பேசினார். எந்நேரமும் அழைக்கலாம் என்னும் உடன்பாட்டிற்கு மாதம் ரூ.500 தருவதாக ஏற்றுக்கொண்டார். தாய், மாதம் ரூ.5,000 வண்டிக்கென்றே தனியே சேமிக்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அது வட்டி நீங்கலாக ரூ.1,20,000 ஆகும், அப்போது வாங்க நேர்ந்தால் கடன் குறையும்.

மகள் இன்னொரு கணக்கும் செய்தாள். ஆச்சியின் மருத்துவமனைப் பயணம் கூடினால் எந்நிலையில் சொந்த வண்டி சிக்கனமாகும்? பழைய மகிழுந்து, இப்போதுள்ள முறையைவிட ஆண்டுக்கு ரூ.48,712 மிகுதி. ஆனால், கூடுதலான ஒவ்வொரு பயணத்திற்கும் வாடகை வண்டியில் ரூ.1,200 ஆகும், சொந்த வண்டியில் பெட்ரோல் செலவு ரூ.285 மட்டுமே. ஒரு பயணத்திற்கு மிச்சம் ரூ.915. ஆகவே, 48,712 ÷ 915 = ஏறத்தாழ 53. இப்போதுள்ள 24 பயணங்களோடு 53 சேர்ந்தால் ஆண்டுக்கு 77. அதாவது மாதம் ஆறு பயணம் வரை வாடகை வண்டியே சிக்கனம்; ஏழாகிவிட்டால் பழைய மகிழுந்து சிக்கனம்.

அவ்வீட்டின் சுவரில் இன்று ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. அதில் 108 என்னும் எண்ணும், ஓட்டுநரின் தொலைபேசி எண்ணும், அவற்றின் கீழே ‘7’ என்னும் எண்ணும் எழுதப்பட்டுள்ளன. ‘7’ ஏன் என்பது வீட்டில் அனைவருக்கும் தெரியும்.

மாணவர்களே! மகிழுந்து வாங்கலாகாது என்பது இப்பாடத்தின் கருத்தன்று. உங்கள் வீட்டின் தொலைவு வேறு, வருவாய் வேறு, தேவை வேறு. நடக்க இயலாதவர் இருக்கும் வீட்டிலும், பேருந்து வாராத ஊரிலும் விடை மாறும். வாங்குவதாயினும் வாங்காமலிருப்பதாயினும், அதற்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதை அறிந்து செய்தல் வேண்டும் என்பதே கருத்து.

அருஞ்சொற்பொருள்

விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு
தேய்மானம் – பயன்பாட்டாலும் காலத்தாலும் ஏற்படும் மதிப்புக் குறைவு
தவணை – கடனைப் பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை
முதல் – வட்டி நீங்கலான அடிப்படைத் தொகை
காப்பீடு – இழப்பு நேர்ந்தால் ஈடு பெறச் செய்யும் ஏற்பாடு
வைப்பு – வட்டிக்காக வங்கியில் இட்டுவைக்கும் பணம்
சராசரி – மொத்தத்தை எண்ணிக்கையால் வகுக்கக் கிடைப்பது
ஆதாயம் – இலாபம்

மொழி ஒப்பீடு

கேரளத்தில் வாழும் நீங்கள் கடைத்தெருவில் கேட்கும் மலையாளச் சொற்களோடு தமிழ்ச் சொற்களை ஒப்பிடுக.

விலை – வில
வாடகை – வாடக
செலவு – செலவு
கடன் – கடம்
வட்டி – பலிச
வரி – நிகுதி

முதல் நான்கும் ஒத்திருக்கின்றன. இறுதி இரண்டும் வேறுபடுகின்றன. இவ்வாறு ஒத்தும் வேறுபட்டும் வரும் சொற்கள் மேலும் ஐந்தினைத் திரட்டுக.

பயிற்சி

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. வண்டி ஓடாவிட்டாலும் ஏற்படும் செலவு
(அ) ஓட்டச்செலவு (ஆ) நிலைச்செலவு (இ) பெட்ரோல் செலவு (ஈ) பழுது நீக்கல் செலவு

2. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த ஆண்டு
(அ) 1938 (ஆ) 1947 (இ) 1956 (ஈ) 1958

3. பாரத் வரிசைப் பதிவு அறிமுகமான ஆண்டு
(அ) 1988 (ஆ) 2008 (இ) 2021 (ஈ) 2023

ஆ) கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. வராமற்போன வரவும் ஒரு ________.
2. நெய்யாற்று அணையை அடுத்துள்ள ஊர் ________.
3. வேறு மாநிலத்தில் ________ மாதத்திற்கு மேல் வைத்திருக்கும் வண்டியை மறுபதிவு செய்தல் வேண்டும்.

இ) எண்ணால் எழுதியவற்றை எழுத்தால் எழுதுக.

எடுத்துக்காட்டு: 17,657 – பதினேழாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு
1. 8,303 2. 50,400 3. 98,180 4. 2,11,886

ஈ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. தந்தை கூறிய கிலோமீட்டர்ச் செலவு ஏன் குறைவாக இருந்தது?
2. தேய்மானத்திற்கு ஆச்சி கூறிய உவமை யாது? அது எவ்வாறு பொருந்துகிறது?
3. ‘வாசலில் நிற்கும் வண்டியே மிகுந்த செலவுடைய வண்டி’ – விளக்குக.

உ) கணக்கிட்டு, விடையை முழுத்தொடராக எழுதுக.

1. பாறசாலையில் வாழும் ஒருவரின் மகிழுந்து மாதம் 500 கி.மீ. ஓடுகிறது. ஆண்டு நிலைச்செலவு ரூ.90,000, ஓட்டச்செலவு கிலோமீட்டருக்கு ரூ.8. ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் முழுச்செலவு யாது?
2. எல்லைக்கு அப்பாலுள்ள பெட்ரோல் நிலையம் வீட்டிலிருந்து 4 கி.மீ. தொலைவில் உள்ளது எனக் கொண்டு, 30 லிட்டர் நிரப்புவது ஆதாயமா, இழப்பா எனக் கூறுக.

ஊ) ஒரு பக்க அளவில் எழுதுக.

ஆச்சி கேட்ட வினாவுக்கு நீங்கள் அக்குடும்பத்தில் ஒருவராக இருந்தால் என்ன விடை கூறியிருப்பீர்கள்? எண்களையும் எண்களுக்கு அப்பாற்பட்ட காரணங்களையும் எடுத்துக்காட்டி எழுதுக.

எ) செயல்திட்டம்

1. உங்கள் வீட்டாரின் ஒரு மாதப் பயணங்களைப் பட்டியலிட்டு, ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் சராசரிச் செலவைக் காண்க. வீட்டாரிடம் படித்துக் காட்டி, அவர்கள் கூறியதையும் எழுதி வருக.
2. வரவு சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்துடைய குறள் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உள்ளது. அதனைக் கண்டறிந்து, பொருளுடன் வகுப்பில் கூறுக.